கண்ண மூடிக்கோங்க மேடம்

போனில் ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் இருக்கிறது என்று சொன்னால் நீங்களும் நானும் கட் பண்ணிவிடுவோம். அவர் பண்ண மாட்டார். முழுதும் கேட்டுவிட்டு, "சரிங்க, பரவால்லீங்க, அப்பறமா பண்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். பங்காருபேட்டை ஸ்டேஷனில் ஒரு நாள் என் கண்ணாலேயே பார்த்தேன். ரயில் நாற்பது நிமிடம் தாமதம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொன்னது. இவர் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னார். கன்னடத்துக்கு "பர்வாகில்லா", இந்திக்கு "கோயி பாத் நஹி", இங்கிலீஷுக்கு "ஓகே மேடம்". பக்கத்தில் நின்ற நான், யாராவது பார்க்கிறார்களா என்று மெதுவாகத் திரும்பினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் லாரி டிரைவர். பங்காருபேட்டை ரோட்டில் நான் வேலை பார்த்த லாரி கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. ஐம்பதைத் தாண்டிய வயசு, தேய்த்த காக்கிச் சட்டை, சட்டைப் பையில் சீப்பு. மற்றபடி அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. யார் பேசினாலும் பதில் சொல்லாமல் விட மாட்டார். டோல்கேட்டில் சீட்டு துப்புகிற மெஷின், "கதவு மூடுகிறது" என்று சொல்லும் ஆஸ்பத்திரி லிப்ட், ரோட்டோரம் குரைக்கிற நாய், எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. "அவங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருக்காங்க. நாம வாய மூடிக்கினு போனா அது இன்னா மனுசத்தனம்?" என்பார்.

இது அவர் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் அப்பா எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க மைனில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்கள் நிற்கிற கேஜ் என்ற கூண்டை ஷாஃப்ட் குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கையில். அந்த அறைக்குள் அவரிடம் யாரும் பேசக்கூடாது, எல்லாம் மணிதான். கீழேயிருந்து மணி அடித்தால், கேட்டது என்று மேலேயிருந்து பதில் மணி போகவேண்டும்.

"அந்தப் பதில் மணி வர்ற வரிக்கும் கீழ கீறவன் மூச்சப் புடிச்சிக்கினு நிப்பாம்மா" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். "எங்கப்பா சொல்லுவாரு, எவன் மணி அடிச்சாலும் மொதல்ல பதில் குட்த்துடு, அப்பறம் உன் வேலையப் பாருன்னு."

மைனை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இவர் மட்டும் ஊரெல்லாம் பதில் மணி அடித்துக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட மனுஷனின் கேபினில் கொண்டுபோய்ப் பேசுகிற கேமராவை மாட்டினார்கள்.

மாட்டிய அன்று யார்டில் கூட்டம் போட்டார்கள். பெங்களூரிலிருந்து மேனேஜர் வந்திருந்தார். இருபது பேருக்கு ஒரு மைக் வேறு. "இது உங்க பாதுகாப்புக்கு" என்று ஆறு தடவை சொன்னார். பாதுகாப்பு என்று இரண்டாம் தடவை சொல்லும்போதே நம் ஆட்கள் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில், டிரைவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கும். தூங்கினால், போன் எடுத்தால், பீடி பிடித்தால், ரோட்டை விட்டு வேறெங்காவது பார்த்தால் ஒரு பெண் குரல் எச்சரிக்கும். அந்த இடத்துத் துண்டு வீடியோ கம்பெனிக்கு வந்துவிடும், டிரைவருக்கு மார்க் குறையும். கேமராவை மறைத்தால் மார்க்கெல்லாம் கிடையாது, நேராக வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

"லுங்கி மாத்துனா?" என்று ஒருவர் கேட்டார்.

"வண்டி ஆஃப் பண்ணினா கேமராவும் ஆஃப்."

"இன்ஜின் ஓடிக்கினே இருந்தா?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

யார்டில் வாய் அதிகம் உள்ளவர் ஒரு மீசைக்காரர். அவர் எழுந்தார். "சார், வூட்ல பொண்டாட்டி பாக்குறா. செக்போஸ்ட்ல போலீஸ் பாக்குது. மேல சாமி பாக்குது. நான் நிம்மதியா மூக்கு நோண்டுறதுக்குன்னு இருந்ததே அந்த ஒரு எடம். அதுலயும் ஆள் வெச்சிட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மீசைக்காரர், இந்த முறை விளையாட்டில்லாமல், "நாங்க பேசுறதும் கேக்குமா?" என்றார்.

"இல்லப்பா. படம் மட்டும்தான். சவுண்டே கிடையாது."

அதற்குப் பிறகுதான் கூட்டம் கொஞ்சம் இளகியது. கடைசியாக நம்மவர் கையைத் தூக்கினார். "சார், அந்தம்மா பேரு இன்னா?"

"எந்தம்மா?"

"எச்சரிக்கை சொல்வாங்கன்னீங்களே, அவங்க."

"அது மெஷின்பா."

"சரிங்க" என்று உட்கார்ந்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. இவ்வளவு பேரை ஒரு மெஷின் எப்படிக் கவனிக்க முடியும், எங்கேயோ ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம், என்று அவர் முடிவு கட்டிவிட்டார். குரல் விஷயத்தில் அவர் நினைத்தது தப்பு. மற்றதில் தப்பில்லை, ஏனென்றால் அந்தப் பெண்பிள்ளை நான்தான்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. துண்டு வீடியோக்களைப் பார்த்து, ஆள் நிஜமாகவே தூங்கினாரா, மெஷின் உளறுகிறதா என்று டிக் போடுவது என் வேலை. கண்ட்ரோல் ரூம் பெங்களூரில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பதாக டிரைவர்கள் நினைத்தார்கள். அது ஆபீசுக்குப் பின்னால், காலி ஆயில் டின் அடுக்கி வைத்த அறைக்குப் பக்கத்து அறை. ஒரு ஃபேன், இரண்டு திரை, நான். யார்டைப் பொறுத்தவரை நான் பில் டைப் அடிக்கிற பெண். என் அம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம் "சேஃப்டி ஆபீசர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சேரும்போது யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கையில் ஒரு ஹெட்போனைக் கொடுத்தார்கள். படம் மட்டும் வருகிற வேலைக்கு ஹெட்போன் எதற்கு? முதல் நாளே எனக்குப் புரிந்தது. புரிந்தும் காதில் மாட்டிக்கொண்டேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய், நின்றுகொண்டே திரும்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளூரில் உட்கார்ந்து செய்கிற வேலையை விட எனக்கு மனசு வரவில்லை.

முதல் வாரமே அவருடைய வீடியோதான் வந்து குவிந்தது. காரணம் அவருடைய இடது கண். எங்கள் ஊரில் மைன் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப் போன சயனைடு மேடு இருக்கிறதே, அங்கே சின்ன வயசில் கிரிக்கெட் ஆடியபோது பந்து பட்டு, அந்த இமை பாதிக்கு மேல் தூக்காது. பார்வையில் ஒரு குறையும் இல்லை, டாக்டர் சர்டிபிகேட்டே வைத்திருந்தார். இருபத்தேழு வருஷ ஓட்டத்தில் ஒரு கோழியைக்கூட ஏற்றியதில்லை. மெஷினுக்கு சர்டிபிகேட் படிக்கத் தெரியுமா? இமை இறங்கியிருந்தால் அதற்குத் தூக்கம்தான்.

"டிரைவர், ப்ளீஸ் ஸ்டே அலர்ட்" என்று குரல் வரும்.

பொம்பளைப் பிள்ளை பேசினால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் அவருக்கு மரியாதை. கேமரா பக்கம் திரும்பி, "முழிச்சிக்கினுதான் கீறேன் மேடம்" என்பார்.

ரோட்டை விட்டு முகம் திரும்பிவிட்டதல்லவா? உடனே, "ப்ளீஸ் கீப் யுவர் ஐஸ் ஆன் த ரோட்."

"கரெக்ட்டுங்க மேடம். தப்பு என்னுதுதான்." இதையும் திரும்பித்தான் சொல்வார்.

"ப்ளீஸ் கீப் யுவர் ஐஸ்..."

"தோ பாத்துட்டேன் மேடம்."

மாலூர் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் பேசி முடிக்கும்போது எனக்கு முப்பது வீடியோ சேர்ந்திருக்கும். கண் சிமிட்டுகிற நேரம்தான் திரும்புவார், ஸ்டியரிங் ஒரு நூல் அசையாது. ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஆயில் நாற்றத்தில் உட்கார்ந்து, "ஐயோ ரோட்டப் பாருண்ணா, ரோட்ட!" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவருக்கு எங்கே கேட்கப் போகிறது. தூக்கம் இல்லை, தூக்கம் இல்லை, தூக்கம் இல்லை என்று டிக் போட்டுப் போட்டு என் சுட்டுவிரல் வீங்கியது. பேச்சுக்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பியது திரும்பியதுதான், அதற்கு மார்க் போய்க்கொண்டே இருந்தது.

மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். கேமரா மேல் தற்செயலாக விழுந்த மாதிரி துண்டு போடுவது ஒரு வழி. ஊதுபத்தியை நேர் கீழே கொளுத்தி வைத்துப் புகையில் மறைவது இன்னொரு வழி. மீசைக்காரர் கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஓட்டினார், மெஷினுக்கு டிரைவர் சீட்டில் ஆளே இல்லை என்று பட்டது. நம்மவருக்கு இதெல்லாம் பிடிக்காது. "அந்தம்மா பாவம், இருட்டுல குந்திக்கினு இருக்கணுமா?" என்று சண்டைக்குப் போவார். மீசைக்காரர், "யோவ், அதுக்கு நீ கல்யாணமே பண்ணி வெச்சிடுவ போல கீதே" என்று கத்துவார்.

வெறும் பதிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதத்தில் சொந்தக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருக்கு சர்க்கரை வியாதி. கோலார் ரோட்டில் ஒரு கடையில் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல், இரண்டு ஜாங்கிரி வாங்கி வந்து கேபினில் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிடுமுன் ஒன்றைக் கேமராவுக்கு நேரே நீட்டி, "எடுத்துக்கோங்க மேடம்" என்பார். ஒரு நிமிடம் நியாயமாகக் காத்திருந்துவிட்டு, "வூட்ல மட்டும் சொல்லிடாதீங்க" என்று அதையும் சாப்பிடுவார்.

அவர் மனைவி சில நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க யார்டுக்கு வரும். ஒரு நாள் என்னிடம் வந்து நின்றது. "ஏம்மா, மாத்திர போட்டும் சுகரு ஏறிக்கினே போவுது. இந்த மனுஷன் வழியில எதுனா வாங்கி சாப்புடுறாரா? உனக்கு எதுனா தெரியுமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன். முந்தின நாள் அவர் உதட்டில் ஒட்டியிருந்த பாகு வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்தவள் நான்.

இதற்கெல்லாம் சிரித்துவிடலாம். ஒன்றுக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. அவர் மகள் வேலூரில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு மதியம் திரையில் அவர் வீடியோ வந்தது. வண்டியை ஓரம் கட்டிப் போன் பேசி முடித்திருக்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர். நேராகக் கேமராவைப் பார்த்து, "மேடம், நான் தாத்தா ஆயிட்டேன். பொண் கொயந்த. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றார். அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். எழுந்து நின்று கை தட்டினேன். மெஷின் அவரிடம் "ப்ளீஸ் கீப் யுவர் ஐஸ் ஆன் த ரோட்" என்றது.

மறுநாள் காலை லட்டு டப்பாவோடு ஆபீசுக்கு வந்தார். "இன்னா விசேஷம் சொல்லு பாக்கலாம்?" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். நான் யோசிக்கிற மாதிரி யோசித்து, தெரியலையே என்று உதட்டைப் பிதுக்கி, அவர் சொன்னதும், "ஐயோ, அப்படியாண்ணா!" என்று கன்னத்தில் கை வைத்தேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. அவரோ, "பாரு, எவ்ளோ சந்தோஷம் இந்தப் பொண்ணுக்கு" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அவர் வீட்டில் இருப்பது புத்தர் படம். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் எங்கள் ஊரில் அப்படித்தான். ஆனால் வண்டிக்கு ஆயுத பூஜை போடாமல் விட மாட்டார். "அது வண்டியோட பண்டிகை, நம்முளுது இல்ல. அத்த நாம கெடுக்கக்கூடாது" என்பார். யார்டில் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து அமர்க்களம். இவர் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனாராம். டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர், வைப்பர், ஹாரன். எல்லாவற்றுக்கும் வைத்து, பூஜைக்காக இன்ஜினையும் ஓடவிட்டுவிட்டு, மேடத்துக்கு மட்டும் வைக்காமல் விடுவாரா? கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒற்றைக் கண் மேல், நட்ட நடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அன்று எனக்கு விடுமுறை. மறுநாள் நான் வருவதற்குள் அவர் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியிருந்தார். திரையில் கும்மிருட்டு. இருட்டுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. "கேமரா இஸ் பிளாக்டு" என்று மெஷின் புதிதாக ஒன்றைச் சொல்ல, பொட்டு நன்றாக இருக்கிறது என்று பாராட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டு, "இருக்கட்டும் மேடம், இருக்கட்டும்" என்று கூச்சப்பட்டார். போக வர இரண்டு நாளும் இதே பேச்சு. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் நான் பில் டைப் அடிக்கிற பெண், எனக்கு எப்படித் தெரியும்? அதற்குள் மெஷின் தானாகவே பெங்களூருக்குச் செய்தி அனுப்பிவிட்டது. துண்டு போட்டவர், புகை போட்டவர் எல்லாரும் தப்பித்துக்கொண்டிருக்க, கேமராவை மறைத்த குற்றத்துக்கு மாட்டியவர் இவர் ஒருவர்தான்.

வண்டி திரும்பிய அன்றே மேனேஜர் வந்துவிட்டார். ஆபீஸ் அறையில் விசாரணை. வாசலை அடைத்துக்கொண்டு மீசைக்காரரும் மற்ற டிரைவர்களும். நம்மவர் சீப்பால் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன்ப்பா கேமராவை மூடின?"

"மூடலைங்க சார். பொட்டு வெச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லீங்க சார், மூடறதுன்னா இப்டி" என்று துண்டை எடுத்துத் தன் முகத்தில் போட்டுக் காட்டினார். வாசலில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோவைப் போடு, மியூட்டில் போடு என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். இருட்டு விழுவதற்கு முந்தின சில நொடிகள் ஓடின. அவர் முகம் கேமராவை நெருங்குகிறது. வாய் ஏதோ சொல்கிறது. பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. சந்தன விரல் வந்து அப்புகிறது. திரை மஞ்சளாகி, சிவப்பாகி, கறுப்பாகிறது. சத்தமில்லாமல் பார்த்தால் ஆள் கம்பெனியைப் பார்த்து நக்கலடித்துவிட்டுக் கண்ணை அவித்த மாதிரிதான் இருந்தது.

"பாருங்க, சிரிக்கிறான்" என்றார் மேனேஜர். "இறக்கிட வேண்டியதுதான். நாளையிலிருந்து வண்டி கிடையாது."

நம்மவர் பதில் சொல்லாமல் நிற்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த வயசில், அந்தக் கண்ணோடு வேறு எந்தக் கம்பெனி அவருக்கு ஸ்டியரிங் கொடுக்கும்? எல்லாக் கம்பெனியிலும் கேமரா வந்துகொண்டிருந்தது. அவருக்கும் அது தெரியும். துண்டை மடித்துத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி மடித்தார்.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம் இருந்தது. அதை அழுத்தினால் அவருக்கு வண்டி. அழுத்தினால் நான் யார் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், என் வேலையும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன், பயந்தேன். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது, அம்மா ஞாபகம் வந்தாள். பக்கத்தில் மறுபடி துண்டை மடிக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டு அழுத்தினேன்.

அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "மேடம், ஒரு வருஷமா எங்கூட வண்டியில வர்றீங்க. ஜாக்கிக்கே பொட்டு வெச்சிட்டு உங்கள வுட்டுட்டா நல்லா இருக்குமா? நல்லா இருங்க மேடம். கொஞ்சம் கண்ண மூடிக்கோங்க, சந்தனம் உள்ள பூந்துடப் போவுது."

வாசலில் வெடித்துச் சிரித்தார்கள். மேனேஜரே வாயைப் பொத்திக்கொண்டார். நம்மவர் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். "சரி சரி, தொடச்சிட்டு வண்டிய எடு, போ" என்று மேனேஜர் கையை ஆட்டினார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மீசைக்காரர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"சவுண்டு எப்டி சார் வருது?"

மேனேஜர் லேப்டாப்பை மூடினார்.

"படம் மட்டும்தான்னு சொன்னீங்களே. சவுண்டே கெடையாதுன்னு மைக்ல சொன்னீங்களே."

"அது... சிஸ்டம் அப்டேட்ல..." என்று மேனேஜர் இழுத்தார்.

"இத்தயெல்லாம் யாரு சார் கேட்டுக்கினு கீறது?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தாண்ணா" என்றேன்.

ஒவ்வொரு முகமும் ஒரு வருஷத்தைப் பின்னால் ஓட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பொண்டாட்டியோடு போட்ட சண்டை, முதலாளியைத் திட்டிய திட்டு, ஒருவர் தினமும் சத்தம் போட்டுப் பாடுகிற பாட்டு. மீசைக்காரர் என் நடையைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் கேபினில் விலாவாரியாகப் பேசியவர். அவர் காது ரத்தமாகச் சிவந்தது. எல்லாரும் கலைந்தார்கள்.

நம்மவர் மட்டும் நின்றார்.

"அப்ப அன்னிக்கு லட்டு எட்த்தாந்தப்போ, உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்ணா."

"நல்லாத்தான் நடிச்சே" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, "நடிச்சீங்க" என்று திருத்தினார்.

"அண்ணா, மன்னிச்சிடுங்கண்ணா. நான்..."

"அய்ய, உங்க வேல அது. நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

என் வேலை போகவில்லை. எல்லா வண்டியிலும், ஒலியும் பதிவாகும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், விஷயம் முடிந்தது என்றார்கள். மறு வாரம் அவர் வீடியோ வந்தது. "டிரைவர், ப்ளீஸ் ஸ்டே அலர்ட்" என்றது குரல். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். டயர் சத்தம்தான் கேட்டது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், மேல் பட்டன் வரை போட்ட சட்டை. அடுத்ததிலும் அப்படித்தான். ஒருமுறை வாய் திறந்தது. பேசப் போகிறார் என்று நாற்காலி நுனிக்கு வந்தேன். ஸ்டிக்கரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கோலார் ரோட்டுக் கடைப் பக்கம் வண்டி நிற்பதே இல்லை. அவர் மனைவி யார்டில் என்னைப் பார்த்து, சுகர் இறங்கிவிட்டது, ஆனால் மனுஷன் வீட்டிலும் வாயே திறப்பதில்லை, யாராவது எதையாவது வைத்துவிட்டார்களா தெரியவில்லை என்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு பில் டைப் அடித்தேன்.

மார்க் ஏறிக்கொண்டே போனது. திரும்பவில்லை, பேசவில்லை, குறைப்பதற்கு என்ன இருக்கிறது? கம்பெனியின் மொத்த வண்டிகளிலும் அவர்தான் முதல்.

சிறந்த டிரைவர் சர்டிபிகேட் கொடுக்க ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஹாலில் விழா வைத்தார்கள். அவர் மனைவி பட்டுப்புடவையில் முன் வரிசையில், மகள் கைக்குழந்தையோடு பக்கத்தில். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் சால்வை போட்டார், ஃபிரேம் போட்ட சர்டிபிகேட்டைக் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கையில் திணித்தார்.

அவர் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு எடுத்துவிட்டார். வரிசை வரிசையாகத் தேடி, கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார்.

"மேடம், இங்க பேசலாங்களா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. மேனேஜர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என்ன கிண்டல், என்ன கிண்டல் என்று பக்கத்தில் இருந்தவர் என் தோளை இடித்தார். அவர் கிண்டல் பண்ணவில்லை. மைக்கைப் பிடித்தபடி என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். பேசுங்கண்ணா என்று சொல்ல எழுந்தேன். சொல்லுமுன் என் கண் தானாக மேலே போய் அந்த ஹாலின் மூலைகளைத் தேடியது. அங்கே கேமரா இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.